மைலேஜ் குறைந்தால் டிரைவர் திருடனா?

கார் மைலேஜ் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான். நிறுவனம் சொல்லும் மைலேஜ் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் சோதித்து எடுத்த எண். அது தவறாக இருக்க வாய்ப்பில்லை. சாலையில் அது கிடைக்கவில்லை என்றால் குறை ஓட்டுபவரின் காலில்தான். கட்டுரையாளர் இத்தோடு நிற்கவில்லை. டிராவல்ஸ் நடத்துபவர்கள் அந்த எண்ணை அளவுகோலாக வைத்து டிரைவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும், கூடுதலாகச் செலவான எரிபொருளுக்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கூடவே, மைலேஜைக் கூட்ட நான்கு யோசனைகள்.

அந்தக் கட்டுரை தொடக்கம் முதல் முடிவு வரை தவறு. சோதனை எப்படி நடக்கிறது என்பதில் தவறு. எரிபொருளைப் பற்றியது தவறு. சராசரி போட்ட கணக்குத் தவறு. யோசனைகளில் ஒன்று ஆளைக் கொல்லும். இவ்வளவு தவறுகளையும் அடுக்கி, அதன் மேல் ஒரு கூலித் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கச் சொல்வதுதான் என்னைக் கோபப்பட வைக்கிறது.

ஓட்டும் முறைக்கு மைலேஜில் பங்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. திடீரென்று மிதிப்பது, திடீரென்று பிரேக் பிடிப்பது, ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நகர்த்துவது, கியரை மாற்றாமல் எஞ்சினைக் கதறவிடுவது எல்லாமே எரிபொருளைத் தின்னும். முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஆனால் இது எதற்கும் எதற்கும் இடையிலான ஒப்பீடு? ஒரே காரை, ஒரே மாதிரிச் சாலையில், ஒருவர் முரட்டுத்தனமாகவும் இன்னொருவர் பொறுமையாகவும் ஓட்டினால் வரும் வித்தியாசம் அது. பொறுமையாக ஓட்டினால் விளம்பரத்தில் போட்ட எண் வந்துவிடும் என்று அதற்குப் பொருள் கிடையாது. கட்டுரையாளர் முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்குத் தாவியிருக்கிறார். நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுவது டிரைவர்.

விளம்பரத்தில் போடும் எண் எங்கிருந்து வருகிறது? புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்களில் கார் சாலைக்கே போவதில்லை. சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழலும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே திரையில் ஒரு கோடு ஓடும். எந்த வினாடியில் எந்த வேகம் என்பதை அந்தக் கோடு சொல்லும். சோதனை ஓட்டுநர் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். புகைக்குழாயில் வெளிவரும் வாயுக்களைச் சேர்த்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்த்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள்.

கோட்டின் நீளம் 1180 வினாடி. இருபது நிமிடம்கூட இல்லை. முதல் பகுதி நகரம். அதில் வேகம் 50-ஐத் தாண்டாது. நின்ற நிலையிலிருந்து அந்த 50-ஐ எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்ளலாம். கிண்டியில் சிக்னல் பச்சையானதும் ஒருவர் அப்படிக் கிளம்பினால் பின்னால் நிற்கும் மாநகரப் பேருந்து அவரைச் சும்மா விடாது. இரண்டாம் பகுதி நெடுஞ்சாலை. அதன் உச்சவேகம் 90. சோதனை முழுக்க ஏசி அணைந்திருக்கும். அறையின் வெப்பம் 20-லிருந்து 30 டிகிரிக்குள். மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, மழைத் தண்ணீர் கிடையாது, கேரியரில் மூட்டை கிடையாது. நகரப் பகுதியின் கோடு ஐரோப்பாவில் 1970-ல் வகுத்த ஒன்று. நெடுஞ்சாலைப் பகுதியின் உச்சவேகத்தை மட்டும் 120-லிருந்து 90-ஆகக் குறைத்து இந்தியாவுக்கு எடுத்துக்கொண்டோம்.

அந்த 90 ஏன் முக்கியம் என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 80-ல் போகும் கார் 110-க்குப் போனால் வேகம் கூடியது 37 சதவீதம்தான். ஆனால் காற்றுத் தடை கிட்டத்தட்ட 1.9 மடங்காகிவிடும். சாலை வெறிச்சோடி இருந்தால் திண்டிவனம் தாண்டி எல்லோரும் போகும் வேகம் அந்தச் சோதனையில் ஒரு வினாடிகூட வருவதில்லை. அளக்காத வேகத்துக்கான எண்ணை அளந்த எண்ணாக எடுத்துக்கொண்டு டிரைவரைக் கூண்டில் ஏற்றுகிறார்.

ஏசியும் அப்படித்தான். கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய தூரப் பயணங்களில், ஏசி மட்டுமே மைலேஜில் கால் பங்குக்கு மேல் குறைத்துவிடும் என்பதையும் அதே அமெரிக்கத் துறைதான் சொல்கிறது. மே மாதத்துச் சென்னையில் வெயிலில் நின்ற வாடகை வண்டியில் ஏறும் பயணி முதலில் சொல்வது ஏசியைக் கூட்டச் சொல்லித்தான். அதை மறுக்க டிரைவருக்கு வழியில்லை. மறுத்தால் மதிப்பெண் குறையும், அடுத்த சவாரி குறையும். அந்த ஏசிக்கு எரிந்த பெட்ரோலும் அவருடைய காலின் கணக்கிலா சேரும்?

அங்கீகாரம் பெற்ற கூடத்தின் எண் தவறாக வாய்ப்பில்லை என்பது கட்டுரையின் அடித்தளம். அந்த அடித்தளம் எந்த நாட்டிலும் நிற்கவில்லை. ஐரோப்பாவில் சான்றிதழில் சொன்ன அளவுக்கும் சாலையில் உண்மையில் எரிந்த அளவுக்கும் இருந்த இடைவெளியைத் தூய போக்குவரத்துக்கான பன்னாட்டுக் குழு என்ற ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் கணக்கிட்டு வந்தது. 2001-ல் அந்த இடைவெளி சுமார் 9 சதவீதம். 2015-ல் சுமார் 42 சதவீதம். பதினான்கு ஆண்டுகளில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஒட்டுமொத்தமாக ஓட்டத் தெரியாதவர்களாகி விடவில்லை. நிறுவனங்கள்தான் சோதனையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி கார்களைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டன. வேறு வழியில்லாமல் ஐரோப்பா 2017 செப்டம்பரில் பழைய சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடுமையான புதிய சோதனைக்கு மாறியது.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. 2021 முதல் புதிய கார்களில் எரிபொருள் அளவி ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். கார் தன் வாழ்நாளில் எவ்வளவு குடித்தது என்பதை அது தானே பதிந்துகொள்ளும். அப்படிச் சுமார் 6 லட்சம் வாகனங்களிலிருந்து வந்த தகவல்களை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. கடுமையான புதிய சோதனையோடு ஒப்பிட்டாலும், பெட்ரோல், டீசல் கார்கள் சாலையில் சுமார் 20 சதவீதம் அதிகம் எரித்திருந்தன. இது யாருடைய ஊகமும் இல்லை. கார்களே சொன்ன கணக்கு. திருத்திய, கடுமையான சோதனைக்கே 20 சதவீத இடைவெளி என்றால், ஏசியை அணைத்து 90-க்குள் நடத்திய நம் சோதனைக்கு எவ்வளவு இருக்கும்? கட்டுரையாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் டிரைவரின் காலைப் பற்றிப் பேசட்டும்.

சோதனையே நேர்மையாக நடக்காத கதைகளும் இருக்கின்றன. உருளையில் எவ்வளவு தடை வைப்பது என்பதை முடிவு செய்ய, காரை முன்கூட்டியே ஒரு பாதையில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் தளர்கிறது என்று அளப்பார்கள். இந்த அளவைத் தருவது பெரும்பாலும் நிறுவனமே. 2016 ஏப்ரலில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இந்த அளவுகளில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. முதலில் சொன்ன கணக்கு 6 லட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்கள். அவற்றில் பெரும்பகுதி நிசான் பெயரில் விற்றவை. விதிக்குப் புறம்பான அளவீட்டு முறை 1991 முதலே இருந்ததாகவும் பிறகு ஒப்புக்கொண்டார்கள். நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். அந்த 25 ஆண்டுகளில் மைலேஜ் கிடைக்கவில்லை என்று புகார் சொன்ன ஜப்பானியர் ஒவ்வொருவருக்கும், கட்டுரையாளரைப் போன்ற ஒருவர், உங்கள் ஓட்டும் முறையைச் சரிசெய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் தெளிவானது. ஹூண்டாய், கியா கார்களில் சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் புகார் எழுதினார்கள். அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புகாரை ஓட்டுபவர் தலையில் கட்டாமல், கார்களைத் தானே சோதித்தது. 2012 நவம்பரில் நிறுவனங்கள் எண்களைக் குறைத்துக்கொண்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. 2014-ல் 10 கோடி டாலர் அபராதமும் கட்டின. சரியாகச் சொன்னது ஓட்டியவர்கள். தவறாகச் சொன்னது சான்றிதழ்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்த டீசல் காரை ஆணையம் நியமித்தவர் ஓட்டிப் பார்த்தபோது 20-ஐக்கூடத் தொடவில்லை. வாங்கியவருக்கு இழப்பீடு தர ஆணையம் உத்தரவிட்டது. சோதனைக்கூடச் சான்றிதழைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லும் கட்டுரையாளருக்கு இது கண்ணில் படவில்லை.

அடுத்தது எரிபொருள். கட்டுரை முழுக்கத் தேடினாலும் எத்தனால் என்ற சொல் இல்லை. இந்தியாவின் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் எரிபொருளைப் பற்றிய கட்டுரையில் இதை விட்டுவிட்டால், எழுதியவர் நாட்டு நடப்பு அறியாதவர், அல்லது அறிந்தே மறைத்தவர். முதலில் 2030-க்கு வைத்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை அரசு 2025-க்கு முன்னிழுத்து, நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 20 சதவீதக் கலப்பில் லிட்டருக்குச் சுமார் 6 முதல் 7 சதவீத ஆற்றல் குறைகிறது. 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டாலும் மூன்றரை சதவீதம் குறைவு. டேங்கில் ஊற்றும்போதே இல்லாத ஆற்றலை எந்தக் காலாலும் வரவழைக்க முடியாது.

இதை அரசே எழுதி வைத்திருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீத மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கை சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில், புதிய கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று எண் சிறுத்தது. அந்த மாதமே வந்த இன்னொரு விளக்கத்தில் ஓட்டும் பழக்கம், பராமரிப்பு, டயர் காற்று, ஏசி என்று காரணங்களை அடுக்கினார்கள். எரிபொருளை மாற்றியவர்களே பொறுப்பை ஓட்டுபவர் பக்கம் தள்ளப் பார்த்தார்கள். அதைக் கேள்வி கேட்க வேண்டிய பத்திரிகைக் கட்டுரை அதே குரலில் பேசுவது வெட்கக்கேடு.

இந்தக் கலப்புக்குச் சரிசெய்யாத, 2023-க்கு முன் வாங்கிய பழைய கார்களைத்தான் சிறிய டிராவல்ஸ்காரர்களும் சொந்த வண்டி ஓட்டுபவர்களும் வைத்திருக்கிறார்கள். கூடுதல் அடி அவர்களுக்குத்தான். பழைய பெட்ரோலே வேண்டும் என்றால் பெரும்பாலான பங்குகளில் கிடைக்காது. தேர்ந்தெடுக்க உரிமையில்லாத ஒன்றுக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது என்ன நியாயம்?

இனி கட்டுரையின் மையக் கணக்கு. நகரத்தில் 12, நெடுஞ்சாலையில் 22 கிடைக்கும் காரில், பாதித் தூரம் நகரம், பாதித் தூரம் நெடுஞ்சாலை என்றால் சராசரி 17 வர வேண்டும். அதற்குக் கீழே வந்தால் டிரைவரைக் கேள்வி கேளுங்கள் என்று முதலாளிகளுக்குக் கட்டுரை சொல்லித் தருகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார். இந்தக் கணக்கு தவறு. 100 கிலோமீட்டர் நகரத்தில் ஓட 8.33 லிட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட 4.55 லிட்டர். மொத்தம் 200 கிலோமீட்டருக்கு 12.88 லிட்டர். வகுத்தால் வருவது லிட்டருக்கு 15.5. கட்டுரையாளரின் 17-ஐ வைத்தால் 11.76 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1.1 லிட்டர்.

இந்த 1.1 லிட்டரை யாரும் திருடவில்லை. அது வகுத்தல் தெரியாமல் எழுதியவரின் பேனாவில் பிறந்தது. ஆனால் இந்தக் கணக்கை நம்பும் முதலாளி 200 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒரு லிட்டர் பெட்ரோல் காசை டிரைவரிடம் பிடிப்பார். மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் மாதத்துக்கு 28 லிட்டர். ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் ஓட்டிய மனிதனிடமிருந்து மாதாமாதம் 28 லிட்டரின் விலை போகும். கூடவே திருடன் என்ற பட்டமும் சேரும். இந்த ஒரு பத்திக்காகவே கட்டுரையாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவர் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன். முதலாவது, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்பது. கார்புரேட்டர் காலத்துப் பேச்சு இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியர் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளையே கணினி நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் செலவு கூடும். அது சின்ன விஷயம். எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கும்போது பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. மலைப்பாதை ஓட்டும் எந்த டிரைவரையும் கேளுங்கள், ஏறிய கியரிலேயே இறங்கு என்பதுதான் அவருக்குக் குரு சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அச்சிட்ட பத்திரிகையில் இதற்கு நேர் எதிராக எழுதுவது பொறுப்பற்ற செயல் மட்டுமில்லை, ஆபத்தான செயல்.

இரண்டாவது, விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தியாகக் கிடைக்கும் என்பது. பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும். பங்கின் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது. ஐந்து டிகிரி மாறினால்கூட 40 லிட்டருக்கு 200 மில்லிதான் வித்தியாசம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது, டயரில் காற்றைச் சரியாக வைத்தால் மைலேஜ் பத்து சதவீதம் கூடும் என்பது. காற்று சரியாக இருக்க வேண்டும், டயருக்கும் உயிருக்கும் அது நல்லது. ஆனால் நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் குறைவது சுமார் 0.2 சதவீதம். ஐந்து பி.எஸ்.ஐ. குறைந்திருந்தாலும் ஒரு சதவீதம். பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நான்காவது, எப்போதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள் என்பது. நகரத்தில் மெதுவாகப் போகும்போது அது மிச்சம் தரும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த ஜன்னலே காற்றுத் தடையைக் கூட்டி, மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இதற்கு நடுவே, உண்மையிலேயே எரிபொருளைத் தின்னும் இரண்டைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஒன்று, நகராமல் நிற்கும் நேரம். எஞ்சின் ஓடியபடி நின்றால் சிறிய கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும். பெரிய எஞ்சின், ஏசி என்றால் ஒரு லிட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் மைலேஜ் பூஜ்யம். மெட்ரோ வேலைக்காகப் பாதி சாலையை மறித்த இடத்தில் அரைமணி நேரம் ஊர்ந்தால் அது யாருடைய கால்? இரண்டாவது, எடையும் ஏற்றமும். அதை ஒரு டிரிப் ஷீட்டை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் கோடை விடுமுறையில் ஒரு குடும்பத்தைத் தாம்பரத்திலிருந்து கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. பயணிகள் ஆறு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டியது. ஷீட்டில் புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், பின்னால் குத்திய இரண்டு டீசல் பில்கள். இவ்வளவுதான் அந்தத் தாளுக்குத் தெரியும். செங்கல்பட்டு வரை ஊர்ந்தது அதில் இல்லை. பரனூர் சுங்கச்சாவடி வரிசை இல்லை. இ-பாஸ் சோதனையில் நின்றதும், வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே நகர்ந்ததும் இல்லை. கேரியர் மூட்டை காற்றில் கொடுத்த தடையும் இல்லை.

மலை ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து வண்டியின் எடை சுமார் 2300 கிலோ. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் சுமார் 1800 மீட்டர். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 40 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும், மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக மூன்று லிட்டருக்கு மேல் டீசல், தூக்குவதற்கு மட்டுமே. ஓடுவதற்கான டீசல் தனி. இறங்கும்போது கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஏறிச் சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் பிடிப்பிலும் பிரேக்கிலும் சூடாகத்தான் கரையும்.

முதலாளி என்ன செய்தார்? ஓடிய தூரத்தை விளம்பர எண்ணால் வகுத்தார். கூடுதலாக வந்த டீசலின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார். ஒரு நாள் பேட்டாவுக்கு மேல் போயிற்று. அந்த டிரைவர் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் வண்டி வேறொருவர் கைக்குப் போய்விடும். பணம் போனதைவிட, டீசலை வழியில் இறக்கி விற்றாயா என்று இளையவர்கள் முன்னால் கேட்டதுதான் அவரைச் சுட்டது. கட்டுரையாளர் நாடெங்கும் நடக்க வேண்டும் என்று கேட்பது இதைத்தான்.

டீசல் திருட்டே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முறை இருக்கிறது. ஒரே பங்கில், குழாய் முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி, ஃபுல் டேங்க் போட்டு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். இதை ஒரு தடவையோடு விடாமல் பல தடவை, ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக, ஏசி போட்டபடி, வழக்கமான சுமையோடு எடுங்கள். நகரச் சவாரிக்கு ஒரு அளவு, சமவெளி நெடுஞ்சாலைக்கு ஒரு அளவு, மலைக்கு ஒரு அளவு என்று உங்கள் வண்டிக்கே சொந்தமான எண்கள் கிடைக்கும். அதிலிருந்து ஒருவர் மட்டும் தொடர்ந்து விலகினால் அப்போது கேள்வி கேளுங்கள். முதலில் ஏர் ஃபில்டரையும் பிரேக் ஒட்டுகிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி கேட்க வேண்டிய பெரிய இடங்கள் வேறு இருக்கின்றன. ஐரோப்பாவைப் போல ஒவ்வொரு புதிய காரிலும் உண்மையான எரிபொருள் செலவைப் பதியும் அளவியை இங்கேயும் கட்டாயமாக்கி, மாடல் வாரியாக அந்தச் சராசரியை அரசு வெளியிட வேண்டும். நகரம், நெடுஞ்சாலை, ஏசி போட்ட நிலை என்று மூன்று எண்களையும் ஷோரூமில் காரின் மேலேயே ஒட்ட வேண்டும். பங்கில் ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுத வேண்டும். பழைய கார்களுக்குக் குறைந்த கலப்புப் பெட்ரோலும் கிடைக்க வேண்டும். இவற்றைக் கேட்கும் பலம் பத்திரிகைக்கு உண்டு. தனியாக ஒரு டிரைவருக்கு இல்லை.

விளம்பர எண்ணைப் போட்டு விற்றவர் நிறுவனம். அந்த எண்ணுக்கு முத்திரை குத்தியவர் அரசு. எரிபொருளை மாற்றியவரும் அரசு. இவர்கள் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல், கணக்குக் கேட்க ஆளே இல்லாத தொழிலாளியை மட்டும் பிடித்துக்கொண்டது அந்தக் கட்டுரை. டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டுரையை நம்பி இந்த மாதம் யார் சம்பளத்திலாவது பிடித்திருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் பணம் இல்லை.